நீ கேட்ட ஸ்டாப் வாட்ச்

அன்புள்ள சங்கரனுக்கு,

இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவன் தபன். ஆமாம், அதே தபன்தான். எட்டு வருஷமாக நீ பேரைக்கூடச் சொல்லாத உன் சிநேகிதன். அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடாதே. ஹௌராவிலிருந்து ரூர்கேலாவரை ரயிலில் உட்கார்ந்து வந்திருப்பான். உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, ஃபேனைப் போட்டு உட்கார வை. பிறகு நீ தனியாகப் போய் இதைப் படி. படித்து முடிக்கிறவரை அவனிடம் ஒன்றும் கேட்காதே. விஷயம் அவனுக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியவன் நான்.

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. அடுத்த மாதம் உங்கள் டவுன்ஷிப்பில் நடக்கப்போகிற ஹேண்ட்பால் பந்தயத்துக்கு உன்னையே டைம் கீப்பராகப் போட்டிருக்கிறார்கள் என்றும், உன் டிபார்ட்மென்ட் அணியும் அதில் ஆடுவதால் சிலர் முணுமுணுத்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். ‘நான் அவர்களுக்கு உங்கள் கதையைச் சொன்னேன் அப்பா. சொந்த மகன் கோல் போடுகிற நேரத்தில் விசில் ஊதினவரின் பிள்ளை நான் என்றேன். அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உங்கள் ஸ்டாப் வாட்சை அனுப்பிவையுங்கள். அது மேஜையில் இருந்தாலே போதும்.’ இந்த வரிகளை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தி இருமினேன். சளி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

இந்தப் பதினாறு நாளில் ஆறு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் வாட்ச் ரிப்பேர் என்று எழுதினேன். இன்னொன்றில் தொலைந்துவிட்டது என்று எழுதினேன். வாட்ச் என் மேஜை இழுப்பறையில், லைஃப்பாய் சோப்பு டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி, நன்றாகத்தான் இருந்தது. ரிப்பேராகிப் போனது என் வலதுகைக் கட்டைவிரல். இப்போதெல்லாம் அது தானாக ஆடுகிறது. காபி டம்ளரைப் பிடித்தால் தளும்புகிறது. நரம்புத் தளர்ச்சி, வயசுக்கு வருவதுதான் என்கிறார் டாக்டர். கையெழுத்து நடுங்குகிறதே என்று பயப்படாதே. அதற்குக் காரணம் விரல் பாதிதான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்து அலிப்பூர் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த நாள்முதல் எனக்கு ஒரே பயம்தான். வந்த ஊரில் பேர் கெட்டுவிடக் கூடாது. நம்மவர்களை இந்த ஊர்க்காரர்கள் எதற்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்? சாவிக்கொத்து, கேஷ் பெட்டி, ஃபைல் ரூம், இதையெல்லாம் ‘மதராஸி பாபு’விடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்றுதான். அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் நமக்கு இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நான் ஆபீஸ் படி ஏறுவதைப் பார்த்து மற்றவர்கள் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள். கொரிபாபு, கடிகாரக்காரர் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். கொஞ்சம் கடுப்போடுதான் சொல்லுவாள்.

நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் நடந்த நாற்காலி விளையாட்டு உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஏழு வயது. இசைத்தட்டை ஓடவிட்டு நிறுத்துகிற வேலை என்னுடையது. முதல் சுற்றிலேயே நீதான் வெளியே வந்தாய். தொடர்ந்து மூன்று வருஷமும் முதல் சுற்றில் நீதான். நான் உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் முள்ளைத் தூக்கினேன். என் பிள்ளை ஜெயித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? லட்டு விநியோகத்திலும் அப்படித்தான். எல்லோருக்கும் முழு லட்டு, உனக்குத் தட்டின் அடியில் உதிர்ந்தது. மூன்றாவது வருஷம் வீட்டுக்கு வரும் வழியில் டிராமிலேயே அம்மா கேட்டுவிட்டாள். “ஊருக்கு நல்லவரா இருக்கதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா ஒங்களுக்கு?” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீயோ உதிர்ந்த லட்டை நக்கிக்கொண்டு, “நல்லாத்தானே இருக்கு அம்மா” என்றாய். எப்போதும் நீ என் பக்கம்தான் பேசியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஹேண்ட்பாலுக்கு நான் வந்தது உன்னால்தான். நீயும் தபனும் காலேஜில் அதைப் பிடித்துக்கொண்டபோது இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஆட்டம் இருப்பதே தெரியாது. காலால் உதைக்க வேண்டியதைக் கையால் எறிகிறார்களே என்று கால்பந்துப் பைத்தியங்கள் சிரித்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் நேரத்தில் தகராறு. ஒருத்தர் கைக்கடிகாரம் ஒரு நேரம் காட்டும், இன்னொருத்தருடையது வேறு காட்டும். உங்கள் கிளப் செகரெட்டரி ஒருநாள் வீட்டுக்கு வந்து, “கொரிபாபு வீட்ல இருக்கும்போது நாங்க ஏன் வெளியில தேடணும்?” என்றார். மறுநாளே ராதாபஜாருக்குப் போய் இந்த வாட்சை வாங்கினேன். விதிப்புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு மேஜையில் உட்கார மாட்டேன்.

பிறகு அந்தக் கோப்பை வருஷம் வந்தது. தேசம் முழுக்க உள்ள அணிகள், தோற்றவர் வீட்டுக்கு, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. அம்மாவுக்கு நான் விளக்கிச் சொன்னபோது அவள், “தோத்தா மறுபடி ஆட முடியாதா? பரீட்சைன்னாக்கூட அடுத்த வருசம் எழுதலாமே” என்றாள். உனக்கு அடுத்த வருஷம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பி.காம். முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து அதன் மடிப்பு கிழிந்திருந்தது. நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோமே, அந்தப் பெரிய ஆபீசின் அதிகாரி, அவர் தெளிவாகச் சொன்னார். விளையாட்டுக்காரர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேசியக் கோப்பையில் அரை இறுதிவரை ஆடிய சர்ட்டிபிகேட் வேண்டும். மார்ச்சோடு உனக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இரண்டு இடம் என்றதும் நீ வெளியே வந்து, “ஒன்னு எனக்கு, ஒன்னு தபனுக்கு அப்பா” என்று சொன்னாய். அப்படித்தான் அந்தக் குளிர்காலம் தொடங்கியது.

முதல் சுற்று பெஹாலாவில். எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தீர்கள். இரண்டாவது கரக்பூரில். உங்கள் கோல்கீப்பருக்கு விரல் பிசகிப்போய், கடைசிப் பத்து நிமிடம் தபன் கோல் வாசலில் நின்று, ஒரே ஒரு கோலில் தப்பித்தீர்கள். மூன்றாவது சுற்றில் பாட்னா அணியோடு எக்ஸ்ட்ரா டைம்வரை போயிற்று. நான் மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். என் குடையின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். நீ ஜெயித்துவிட்டு ஓடிவந்து, “இன்னும் ஒன்னு அப்பா, ஒன்னே ஒன்னு” என்றாய். கால் இறுதி ஜனவரியில், நம் லேக் பக்கத்து மைதானத்தில், பஞ்சாபிலிருந்து வருகிற அணியோடு. அதில் ஜெயித்தால் சர்ட்டிபிகேட். அந்த வாரம் முழுக்க அம்மா குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். நாம் இரண்டு பேரும் கவனிக்கவும் இல்லை.

ஆட்டத்தன்று பந்த். டிராம் இல்லை, பஸ் இல்லை, லோக்கல் ரயிலும் இல்லை. இரண்டு அணிகளும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததால் ஆட்டம் நிற்கவில்லை. ஆபீசுகள் மூடியிருந்ததால் ஊரே நடந்து வந்து மூங்கில் சாரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வராதவர் ஒரே ஒருத்தர்தான், டைம் கீப்பர். அவர் வீடு பாராசாத்தில். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது செகரெட்டரி என்னைத் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடிவந்தார். முடியாது என்றேன். என் பிள்ளை ஆடுகிறான் என்றேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாப் அணி மேனேஜர் முன்னால் நிறுத்தினார். நல்ல உயரமான சர்தார்ஜி. “உங்க பையனா? இருக்கட்டுமே பாபுஜி. உங்களப் பத்தி இங்க வந்த அன்னிக்கே கேள்விப்பட்டேன். உங்க வாட்ச்சுல எனக்குச் சந்தேகம் இல்ல” என்று ஹிந்தியில் சொல்லிக் கையைக் குலுக்கினார்.

அவர் சந்தேகப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன், சங்கரா. வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள். அவர் நம்பினார். நம்பிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னாலேயே கைகட்டி நின்றுகொண்டார். நல்ல எண்ணத்தில்தான் நின்றிருப்பார், அங்கிருந்துதான் ஆட்டம் நன்றாகத் தெரியும். அவருடைய மூச்சு என் பிடரியில் படுவதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஸ்கோர் எழுதுகிற நிமாய்தா என் இடது பக்கம். வலது கையில் வாட்ச், வாயில் விசில்.

பாதிக்கு முப்பது நிமிடம். முதல் பாதியில் மூன்று கோல் பின்தங்கியிருந்தீர்கள். இரண்டாவது பாதியில் ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்தீர்கள். பதினேழுக்குப் பதினேழு. ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. சாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், மூங்கில் கிறீச்சிட்டது. கடைசி நிமிடத்தில் டைம் கீப்பர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது, கண் முள்ளிலேயே இருக்க வேண்டும் என்று புதுப் பையன்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். இருபத்தொன்பதாவது நிமிடம் தாண்டியது. முள் நாற்பதைத் தாண்டியது. பந்து உங்கள் கையில். ஐம்பது. அப்போது கூட்டம் மொத்தமும் உன் பேரை இந்த ஊர் உச்சரிப்பில் “ஷொங்கோர்! ஷொங்கோர்!” என்று கத்தியது.

நான் தலையை நிமிர்த்தினேன்.

தபன் நடுவிலிருந்து பந்தை இடது மூலைக்கு எறிந்ததைப் பார்த்தேன். நீ அரைவட்டக் கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி எழும்பினதைப் பார்த்தேன். நீ அந்தரத்தில் இருந்தாய். கையை ஓங்கிவிட்டாய், பந்து இன்னும் கையில் இருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது உன் வேலை இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை. ‘இது உள்ளே போனால் அப்பன் ஜெயிக்க வைத்துவிட்டான் என்பார்களே’ என்பதுதான் வந்தது. பின்னால் நின்றிருந்த சர்தார்ஜியின் முகம் வந்தது. முழுசாக நினைத்து முடிப்பதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. கட்டைவிரலும் கூடவே அழுத்திவிட்டது. விசில் சத்தத்துக்குப் பிறகுதான் பந்து வலையில் விழுந்தது. நீ தோளில் அடிபட விழுந்து புரண்டாய்.

குனிந்து வாட்சைப் பார்த்தேன். நிமிட முள் முப்பதை ஒட்டி நின்றது. விநாடி முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

இரண்டு விநாடி பாக்கி இருந்தது, சங்கரா. நான் முன்னால் ஊதிவிட்டேன்.

அதுவரைக்கும் நடந்ததைத் தவறு என்று வைத்துக்கொள்ளலாம். மனுஷன் பதறுவான், விரல் முந்திக்கொள்ளும். அதற்கும் விதிப்புத்தகத்தில் வழி இருக்கிறது. டைம் கீப்பர் முந்தி ஊதிவிட்டால் ரெஃப்ரியிடம் சொல்ல வேண்டும். அவர் இரண்டு அணியையும் நிறுத்திவைத்து, மீதி நேரத்தை ஆடவைக்க வேண்டும். அந்த கோலை என்ன செய்வதென்று அவர் முடிவு செய்திருப்பார். அது அந்தப் பக்கத்தில் பத்தாவது வரியில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நிமாய்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “கொரிபாபு, முழு நேரம்தானே?” என்று கேட்டார். என் கை வாட்சை மூடியிருந்தது. “முழு நேரம்” என்றேன். சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். முள் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. விரல் முந்திக்கொண்டது என்று அதற்குமேல் சொல்ல முடியாது. அதை நான் தெரிந்தே செய்தேன்.

நீ தரையிலிருந்து எழுந்து ரெஃப்ரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். என்னைச் சித்தப்பா முறையில் காக்கு என்று கூப்பிடுகிற தபன்தான் மேஜைக்கு ஓடிவந்து, “காக்கு, டைம் இருந்தது! காக்கு, வாட்சைக் காட்டுங்க!” என்று கத்தினான். நான் பூஜ்யத்தில் நின்ற வாட்சைக் காட்டினேன். நீ வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாய். “சுப் கோர்”, வாயை மூடு என்று அதட்டினாய். அவன் பாஷையிலேயே சொன்னாய், “எங்க அப்பா வாட்ச் தப்பாது. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்.” நீ அப்படிச் சொன்ன அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அதன்பிறகு திறக்க வழியே இல்லாமல் போய்விட்டது. திறந்தால் நீ சொன்னது பொய்யாகிவிடும் என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கோலில் தோற்றீர்கள். ரொம்ப வருஷம் அதைத்தான் நான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எக்ஸ்ட்ரா டைம் இருந்ததே, அதில் ஜெயித்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடிபட்ட தோளோடு நீ அதில் ஒரு பந்தைக்கூட ஓங்கி எறிய முடியவில்லை என்பதை மட்டும் நினைக்க மாட்டேன். சர்தார்ஜி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, “பாபுஜி, உங்கள மாதிரி ஆளப் பார்த்ததில்ல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பொங்கல் விழாவில் சங்கத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். சொந்தப் பிள்ளை என்றும் பாராதவர் என்று மைக்கில் பேசினார்கள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். அந்தச் சால்வை டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. ஒருநாளும் போர்த்தியதில்லை. பூச்சியாவது அரிக்கக் கூடாதா என்று பார்க்கிறேன், அதுவும் இல்லை.

ஆட்டத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கடசி நேரத்துல கடியாரத்தப் பாத்தியளா, புள்ளயப் பாத்தியளா?” நான் கத்தினேன். என் நேர்மையைச் சந்தேகப்படுகிறாயா என்று தட்டைத் தள்ளிவிட்டேன். நீ உள்ளே வந்து, “அம்மா, அப்பாவ ஒன்னும் சொல்லாத” என்றாய். அவள் அதற்கப்புறம் இந்த எட்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலேயே ஒருவரை எப்படி உட்காரவும் நிற்கவும் விடாமல் செய்யலாம் என்பதை உன் அம்மாவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதே சாயங்காலம்தான் தெருமுனையில் தபன் உன்னிடம், “உன் அப்பா தன்னை மகான்னு காட்டிக்கறதுக்காக முன்னாலயே ஊதிட்டார்” என்றான். நீ அவனை அறைந்தாய். அவன் உதடு கிழிந்தது. பத்து வருஷம் தினமும் விடியற்காலையில் ஒன்றாக லேக்கைச் சுற்றி ஓடினவர்கள் அன்றோடு முடிந்துபோனீர்கள். அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை, சங்கரா. நீ உண்மை சொன்னவனை அறைந்தாய், என் பொய்க்காக. மார்ச் வந்தது, போனது. அந்த இரண்டு இடமும் வேறு யாருக்கோ போயின. நீ இன்னும் இரண்டு வருஷம் டியூஷன் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ரூர்கேலாவுக்கு வண்டி ஏறினாய். பிளாட்பாரத்தில், “எல்லாம் நல்லதுக்குத்தான் அப்பா” என்றாய். ரயில் போன பிறகு நான் அந்தப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஆபீசுக்கு லேட்.

போன ஞாயிறு காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, “தெரியும்” என்றாள். “என்னைக்கித் தெரியும்?” என்றேன். “தட்டத் தள்ளினியளே, அப்பவே” என்றாள். அடுத்த கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டியவுக ரெண்டு பேரு இருக்காவ” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் தபன் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். தினமும் அந்த வழியாகத்தான் காய் வாங்கப் போவேன். “காக்கு, நல்லா இருக்கீங்களா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பான், நானும் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். அன்றைக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். அவன் கையிலிருந்த பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைக்கவில்லை. அதன் நுனியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான். “எத்தனை செகண்ட்?” இரண்டு என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நீ எழும்பியதிலிருந்து பந்து வலையில் விழுந்ததுவரை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. “அப்ப அது கோல்தான்” என்றான். “போதும். ரெண்டு செகண்ட் தாராளமாப் போதும்.”

பிறகு சொன்னான், “எங்க அம்மா சாகிறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க காக்கு, அந்த சர்ட்டிபிகேட் ஏன் வரலன்னு. எனக்குப் பதில் தெரியாது. உங்கள மன்னிச்சிட்டேன்னு இப்ப நான் சொல்ல மாட்டேன்.” சொல்ல வேண்டாம் என்றேன். “ஆனா ஷொங்கோர் மேல எனக்கு என்னைக்குமே கோபம் இல்ல. அப்பாவுக்காக அடிச்சான். நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்.” உனக்கு எழுதி எழுதிக் கிழிக்கிறேன், தபாலில் போடக் கை வரவில்லை என்றேன். அவன் கடையின் ஷட்டரை அண்ணாந்து பார்த்தான். “எழுதிக் குடுங்க. நான் கொண்டு போறேன்” என்றான். கடையை மூன்று நாள் மூடிவிட்டு வருகிறான். அவன் இப்போது உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதன் அர்த்தம் இதுதான்.

அப்பா என்கிற முறையில் உனக்கு இதுவரை நான் சொன்ன புத்திமதிகள் எத்தனையோ. நேரத்துக்குப் போ, கணக்காகப் பேசு, நாலு பேர் குறை சொல்லாதபடி நட. முதல் இரண்டையும் வைத்துக்கொள். மூன்றாவதை விட்டுவிடு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து நடந்தவன், அந்த நாலு பேருக்கும் நல்லவனாக இருந்து, வீட்டில் இருந்த ஒருவனுக்கு அநியாயம் செய்தேன். யாருக்கும் சலுகை காட்டாதவன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேருக்கு நானே சலுகை காட்டிக்கொண்டேன். நீ மேஜையில் உட்காரும்போது உன் டிபார்ட்மென்ட் பையன் பந்தோடு எழும்பினால், நீ என்னைப் போல நிமிர்ந்து பார்க்காதே. பார்த்துவிட்டால் பயப்படாதே. பயந்து ஊதிவிட்டால் உடனே எழுந்து சொல்லிவிடு. அந்த ஒரு நிமிட அவமானம் ஒன்றுமே இல்லை, நான் எட்டு வருஷம் அனுபவித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இனிமேல் அங்கே என் கதையைச் சொல்லாதே. சொல்வதாக இருந்தால் முழுசாகச் சொல். எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடாதே. வெளியே ஒருத்தன் எட்டு வருஷமாகக் காத்திருக்கிறான். முதலில் அவனிடம் போ.

போனதும், அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிற சோப்பு டப்பாவை இரண்டு பேரும் சேர்ந்து திறங்கள். வாட்சுக்குச் சாவி கொடுத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அதை ஓடவிட்டு, இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடியில் நிறுத்தினேன். கட்டைவிரல் ஆடுகிறதே, மூன்று தடவை தவறிப் போயிற்று. நாலாவது தடவை சரியாக நின்றது. பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக நான் இனிமேல் தொட மாட்டேன். மீதி இரண்டு விநாடி உங்கள் இருவருக்கும் உரியது. என்னிடம் இவ்வளவு நாள் இருந்துவிட்டது.

உன் அப்பா